மூன்றாம் மாடி லதா

எனக்கு லதா என்று பெயர் வைத்தவள் ஒரு ஃபிலிப்பினோப் பெண். அவள் முகத்தைக்கூட அப்போது நான் பார்த்ததில்லை. போனில்தான் வைத்தாள்.

அதற்கு முன் ஐம்பத்தெட்டு வருஷமாக நான் பத்ருன்னிசா. அதுவும் பாஸ்போர்ட்டுக்கு மட்டும். ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் நான் லாத்தா. கீழக்கரையில் அக்காவை லாத்தா என்போம். அந்த வழக்கத்தில் நாலு பேர் கூப்பிடப் போய், நாலாம் மாடி ராதாவுக்கும் லாத்தா, மலையாளி டீச்சருக்கும் லாத்தா, பெங்காலி வாட்ச்மேனுக்கு ‘லாத்தா மேடம்’. என் வீட்டுக்காரர் நெய்னா முகம்மதுக்கு மட்டும் நான் ‘இந்தா’. அவருக்குப் பெட்டிக்கடை, அதாவது டிராலிப் பெட்டி, ஏர்பேக் விற்கிற கடை. காலையில் திறந்தால் இரவுதான் சாத்துவார். மகள் இன்ஷா தோஹாவில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் நான் யாரோடு பேசுவது? கட்டடத்தோடுதான். லிஃப்டில் வருகிற குழம்பு வாசனையை வைத்தே எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் விருந்தாளி என்று சொல்லிவிடுவேன். இதை ராதா ‘வம்பு’ என்பாள். நான் விசாரிப்பு என்பேன்.

அன்றைக்கு அஸர் தொழுது எழுந்தேன், போன் அடித்தது.

“ஹலோ, மிஸஸ் லதா?”

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது.

“மிஸஸ் லதா? சிஸ்டர் ஆஃப் மிஸ்டர் மரியா?”

“மரியா பொம்பளைப் பேரு. மிஸ்டரா இருக்க முடியாது. லதாவும் மாஃபி, மரியாவும் மாஃபி, கலாஸ்” என்று, ஆள் இல்லை என்பதை எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் சொல்லி வைத்தேன். மூன்றாம் தடவை ஒரு மலையாளி நர்ஸ் பேசினாள்.

“அம்மா, மரியராஜ்னு ஒரு பேஷன்ட். உங்க நம்பரைத்தான் அக்கான்னு தந்திருக்கார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா மயக்க மருந்து கொடுத்த ஆளைத் தனியா டாக்ஸியில ஏத்தி விட மாட்டோம். யாராச்சும் வந்து கூட்டிப் போகணும். அவருக்கு வேற ஆள் இல்லியாம்.”

மரியராஜ்! எங்கள் எதிர்வீடு, முந்நூற்றேழு.

உண்மையைச் சொல்ல வேண்டும். இரக்கம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். ஏனென்றால் அந்த ஆள் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது.

வந்த புதிதில் பெருநாள் இனிப்பு வட்டலப்பத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று ஆளை அலசிவிட்டேன். கப்பல் பழுது பார்க்கிற யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஊர் குமரி மாவட்டத்துக் கடலோரம். மனைவி ஜெபராணி பள்ளிக்கூட டீச்சர், ஒரே மகள் ஜினி. குடும்பம் ஊரில்தான், இந்தப் பக்கமே வந்ததில்லை. இதற்கு முன் ஜுபைலில் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கை. இதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன், “லாத்தான்னு போட்டுக்கங்க” என்று.

வராத விஷயம் ஒன்றுதான். ஜூலை மாத வெயிலில், பூனைகூட காருக்கு அடியை விட்டு வெளியே வராத நேரத்தில், அந்த மனிதர் முண்டா பனியனுக்கு மேல் கையுள்ள பனியன், அதற்கு மேல் ஒரு அளவு பெரிய சட்டை, அதற்கு மேல் யார்டு ஜாக்கெட் என்று வருவார். லிஃப்டில் பையை முதுகில் போட மாட்டார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கன்னம் ஒட்டிய ஆள், கழுத்து குச்சி மாதிரி. என்னத்தை அப்படி மறைக்கிறார்? தங்கமா?

அபாயாவை மாட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்தேன்.

கிளினிக் என்றால் டெட்டால் வாசம் அடிக்கும் என்று நினைத்துப் போனால், அது ஹோட்டல் மாதிரி இருந்தது. சுவரெல்லாம் ஜோடி ஜோடியாகப் படங்கள், பெரிய வயிறு, பக்கத்தில் சின்ன வயிறு. தலை கிடையாது, வெறும் உடம்புதான். கொழுப்பு உறிஞ்சுகிற இடம் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த ஒல்லிக்கா கொழுப்பு என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கடைசிப் படத்தில் ஒரு ஆம்பிளையின் நெஞ்சு இருந்தது. இடது பக்கப் படத்தில் இருந்ததைக் கண்டு நான் சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அது பெண்பிள்ளை நெஞ்சு மாதிரி இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்ந்ததும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை.

மரியராஜ் ஒரு சாய்வு நாற்காலியில் கிடந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை.

“லாத்தா, ஒண்ணும் விசாரிக்கப்பிடாது. போனுல மேலருந்து கீழ வரைக்கும் தள்ளிப் பாத்தேன். எல்லாம் யார்டு ஆளுவ. கிரேன் பிலால், ஸ்கஃபோல்டிங் சுரேஷ்... ஒருத்தனையும் கூப்பிடப்பிடாது. கூப்பிட்டா நாளைக்கு கேன்டீன்ல எனக்க நெஞ்சுதான் கறி.”

“அதுக்கு நான் லதாவா?”

“நான் லாத்தான்னுதான் சொன்னேன். அந்தப் பெண்ணு லதான்னு எழுதிட்டா. என்னைய அவ காலையிலிருந்து மரியான்னுதான் விளிக்கா. அதுக்கே நான் ஒண்ணும் சொல்லல்ல.”

நர்ஸ் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். பொம்பிளை என்பதால் என்னிடம் சொன்னால் நடக்கும் என்று நினைத்தாள் போல. உள்ளே தண்ணீர் மருந்தை ஏற்றி ஊறவைத்து, சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு உறிஞ்சியிருக்கிறார்களாம். ஏற்றின தண்ணீரில் மிச்சம் இன்றைக்கும் நாளைக்கும் அந்த ஓட்டை வழியாகவே வடியுமாம், ரோஸ் நிறத்தில். “ரத்தம்னு பயந்து போன் பண்ணாதீங்க. பழைய துண்டு விரிங்க, அடியில பிளாஸ்டிக் போடுங்க. நனைஞ்சா மாத்துங்க. ஆனா வீக்கம் திடீர்னு ஒரு பக்கம் மட்டும் ஏறினா, காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா, காலு வீங்கி வலிச்சா உடனே கூப்பிடணும்.” தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது, இன்றைக்கே வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, கனம் எடுக்கக் கூடாது, புகை கூடவே கூடாது. உடம்போடு ஒட்டின ஒரு இறுக்குச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். அதைக் குளிக்கும்போது தவிர வாரக்கணக்கில் கழற்றக் கூடாது. துவைத்து மாற்றிப் போட இன்னொன்றும் கொடுத்தாள்.

“நீலம் பாரிக்கும், மஞ்சளாகும், கல்லு மாதிரி கட்டியாகும், மரத்துப் போகும், அரிக்கும். எல்லாம் சரியாகும். ஆனா இப்பவே கண்ணாடி பார்க்க வேண்டாம். வீக்கத்துல முன்ன மாதிரியேதான் தெரியும். சிலர் அழுதுருவாங்க. சரியான உருவம் வர மாசக்கணக்காகும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கூட ஒரு ஆள் இருந்தா நல்லது” என்றாள்.

கூட ஒரு ஆள்! அந்தத் துண்டு மாற்றுகிற ஆளைத்தான் சொல்கிறாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் பழைய துண்டெல்லாம் முந்நூற்றேழுக்குப் போயின. அவர் வீட்டில் இரண்டே துண்டு. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஜினியின் படம். அவ்வளவுதான் வீடு. நான் போகும்போதெல்லாம் வாசல் கதவைத் திறந்தே வைத்து, செருப்பை முட்டுக் கொடுத்துவிடுவேன். அந்நிய ஆம்பிளை வீடு. ஊர்வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அதில் பாதி என் வாய்தானே.

முதல் தடவை குளித்துவிட்டு இறுக்குச் சட்டையைத் திரும்ப மாட்ட வேண்டிய நாள் வந்தது. அது நான் செய்கிற வேலை இல்லை. இரவு கடை சாத்தி வந்த என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

“பொட்டி ஜிப்புக எத்தன போட்டிருப்பீங்க, இந்த ஒரு ஜிப்பப் போட்டு விடுங்க.”

“ஆம்பள ஒடம்புக்கு ஜிப்பா? என்னா சீக்கு அவருக்கு?”

“கேக்காதீங்க. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க.”

அந்த மனிதர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே “மூச்ச இழுங்க தம்பி” என்று இவர், “இழுத்தாச்சு பாய்” என்று அவர். பெட்டி நிறையத் துணி அடைத்து மேலே உட்கார்ந்து மூடுகிற மாதிரிச் சத்தம். பிறகு சர்ரென்று ஜிப் ஏறியது. குளிக்க அதை அவிழ்த்த உடனே மரியராஜ் தலை சுற்றி விழப் பார்த்தாராம். இவர்தான் பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, “பாவம், ஒடம்பெல்லாம் கத்தரிக்கா நிறம்” என்றார். கண்ணை எப்போது திறந்தார் என்று நான் கேட்கவில்லை.

நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்துக்கொண்டே ஒருநாள் மரியராஜ் அவராகவே சொன்னார். மீன்பிடித் துறையில் பிறந்தவர். அங்கே ஆம்பிளை என்றால் இடுப்பில் ஒரு சாரம், அதாவது கைலி, அவ்வளவுதான். வலை இழுக்க, கட்டுமரம் தள்ள, கடலில் குதிக்க எல்லாமே வெற்றுடம்பு. இவர் பதின்மூன்று, பதினாலு வயதில் சட்டையை மாட்டினார், அப்புறம் கழற்றவில்லை. கடலுக்குப் போகாததே அதனால்தான். “படிச்சு வெளிநாட்டுக்குப் போனவன்னு ஊருல சொல்லுவாவ. நான் சட்டை போட்டுட்டு செய்யக்கூடிய வேலைக்கிப் போனவன் லாத்தா. அம்புட்டுதான்.” ஜுபைல் கேம்பில் பொதுக் குளியலறை. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குளிப்பார். ஒருநாள் தாழ்ப்பாள் சரியில்லை. அன்றிலிருந்து கேம்பில் அவர் பெயர் மரியம்மா.

“நேரா யாரும் மோசமா சொன்னதில்ல. பாசமாத்தான் விளிப்பாவ. மரியம்மா, சோறு தின்னாச்சா? மரியம்மா, டூட்டி எப்போ?”

“வீட்ல?”

அவர் டம்ளரைப் பார்த்தார். “வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. வெளக்க அணைச்சாலும் பனியன் கழத்த மாட்டேன். தோலுக்கு அலர்ஜின்னு சொல்லி வச்சிருக்கேன். அவ கேட்டதும் இல்ல.”

பிறகு நேர்ச்சையைப் பற்றிச் சொன்னார். இந்தச் சொல் எங்கள் பக்கத்திலும் உண்டு, அதனால் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜினி குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டாள் என்றார்களாம். பிழைத்தால் ஊர்த் திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். கடலில் முங்கி எழுந்து, ஈரத்தோடு, வெற்றுடம்போடு, தேர் போகிற வழியெல்லாம் மண்ணில் விழுந்து விழுந்து கும்பிட்டுப் போக வேண்டும். பிள்ளை பிழைத்தாள், வளர்ந்தாள், இப்போது பிளஸ் டூ. நேர்ச்சை அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் திருவிழா நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, ஜனவரியில் போவாராம்.

“இந்த வருஷம் போவேன் லாத்தா. டாக்டரிட்ட கேட்டாச்சு. டிசம்பருக்குள்ள ஆறிரும், மண்ணுல விழலாம்னு சொல்லியாச்சு.”

இவ்வளவு பெரிய விஷயம் என் வயிற்றுக்குள் இருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும். அந்த நேரம் பார்த்து ராதா வந்தாள்.

“லாத்தா, உங்களுக்குத் தெரியாம இருக்காது. முந்நூற்றேழுல ஒரு பொம்பள இருக்கா.”

“யாரு சொன்னா?”

“பால்கனிக் கொடியைப் பாருங்க. தோல் கலர்ல உள்பாடி காயுது. கொக்கி, ஜிப் எல்லாம் வச்சு. எவ்வளவு ஸ்டைலான ஆளா இருந்தா அப்படி ஒண்ணு போடுவா! இது ஃபேமிலி பில்டிங். வாட்ச்மேன்கிட்ட சொல்லவா?”

ஒரே வாக்கியத்தில் நான் அவளை வாயடைக்க வைத்திருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து, பல்லில் முட்டி நின்றது. “எனக்குத் தெரியாது” என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி ராதா கேட்டதே இல்லை. சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மரியராஜிடம் சொன்னேன், கொடியில் போடாதீர்கள், குளியலறையில் காயப்போடுங்கள் என்று. அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், அந்த வெளிறிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை மாசத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

“பொம்பளயா? எனக்க ரூம்லயா? அப்படியா சொல்லுகாவ?”

அடுத்த நாளும் அது கொடியில்தான் காய்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் காரியம் கெட்டது. நான் மீன் சாறு கொண்டுபோனேன். அவர் போனைக் காதில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் போனைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்திருந்த கோலம் சரியில்லை, இறுக்குச் சட்டையின் ஜிப் பாதியில் நின்றது. வழக்கம்போல வாசலிலிருந்தே சத்தம் போட்டேன்.

“என்னா இது, ஜிப்ப ஏன் எறக்கி வச்சிக்கிறீங்க? ஏத்திப் போடுங்க! நேரா படுங்க, நான் வந்திக்கிறேன்ல!”

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். போனுக்குள் ஒரு குரல் என்னவோ கேட்டது.

“அது... லாத்தா” என்றார்.

போனுக்குள் இருந்த குரல் உயர்ந்தது. எனக்கே கேட்டது. “லதாவா? எந்த லதா?”

ஜெபராணிதான். வைத்துவிட்டாள். அவர் திரும்பத் திரும்ப அடித்தார், எடுக்கவில்லை. எங்கள் கீழக்கரையும் அவள் குமரியும் ஒரே கடலோரம்தான், ஆனாலும் அவள் ஊரில் லாத்தா என்ற சொல் இல்லை. ஃபிலிப்பினோப் பெண்ணுக்குத் தெரியாததை மன்னிக்கலாம். தமிழ் டீச்சருக்குமா தெரியாது?

பிறகு ஒருநாள் போனேன். அவர் எழுந்து நடக்கவும் இல்லை, நான் வைத்துவிட்டுப் போன கஞ்சியைத் தொடவும் இல்லை. ஜெபராணியின் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். குரலில் அழுகை இல்லை, வகுப்பில் ஹாஜர் எடுக்கிற மாதிரி இருந்தது.

“திருவிழாவுக்கு நீங்க வரண்டாம். லீவு இல்லன்னு எல்லா வருஷமும் சொன்னது எதுக்குன்னு இப்பந்தான் வெளங்குது. லதா கூடயே இரிங்க. பிள்ளைக்கிட்ட நான் சொல்லிக்கிடுகேன்.”

“என்னா சொல்லிட்டீங்க அவகிட்ட?”

“ஒண்ணும் சொல்லல்ல.”

“உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே!”

“சொல்லப்பிடாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லாயிக்கிதே! பேரன் எடுத்தவ நான். ஒங்க வீட்டம்மா பார்வையில இப்ப நான் ஜிப்பு போட்டுவிடுற லதா. என் மரியாத என்னாகுறது?”

அவர் சுவரில் சாய்ந்தார். அந்தச் சட்டைக்குள் ஆள் மூச்சு விடுவதே கஷ்டம்.

“லாத்தா, ஒண்ணு சொல்லட்டா? பொம்பள வச்சிருக்கேன்னு நெனச்சா, அவ என்னைய ஒரு ஆம்பளன்னாவது நெனப்பா. உள்ளதச் சொன்னா அதும் போச்சு.”

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் ஒரு பிள்ளையின் படம். இந்த அறையில் லதா என்று ஒருத்தி இருப்பதாகக் கட்டடமே நம்புகிறது. இருந்திருந்தால் அந்தத் தட்டாவது இரண்டாக இருந்திருக்கும்.

“நேர்ச்ச யாருக்கு வச்சது? புள்ளைக்கா, இல்ல லதாவுக்கா?” என்று கேட்டேன்.

அவர் படத்தைப் பார்த்தார்.

“ஒங்களுக்க போன எடுத்துத் தாங்க” என்றார். “எனக்க நம்பர அவ எடுக்க மாட்டா.”

வீடியோவில் அடித்தோம். ஷார்ஜா நம்பர் என்பதால் ஒரே அடியில் எடுத்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு முகம், பின்னால் கரும்பச்சை அடித்த சுவர். சண்டைக்குத் தயாராக வந்த முகம், முக்காடு போட்ட கிழவியைக் கண்டதும் தடுமாறியது.

“நான்தாம்மா லதா” என்றேன். “எம்பேரு பத்ருன்னிசா. எதுத்த வீடு. எங்க ஊர்ல அக்காவ லாத்தாம்போம். நீ லதான்னு கேட்டுட்டே.”

அவள் வாயில் கை வைத்தாள். “எக்கா... ஐயோ, மன்னிச்சிருங்க. நான் என்னெல்லாமோ...” சிரிப்பும் அழுகையுமாக வந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் டீச்சர் ஆயிற்றே, சட்டென்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“பின்ன ஜிப்பு எதுக்கு ஏத்தச் சொன்னீங்க? அவருக்கு என்ன?”

கட்டிலில் இருந்தபடி அவர் கையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்றா, சொல்லுங்கள் என்றா, தெரியவில்லை. ஆயிரம் பொய் எனக்கு உடனே வந்தது. இடுப்புப் பிடிப்பு, விலா எலும்பு, யார்டில் விழுந்துவிட்டார். ஆயிரத்தையும் விழுங்கினேன்.

“அத அவருகிட்டயே கேளும்மா” என்று போனை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இந்தத் தடவை முட்டுக் கொடுத்த செருப்பையும் எடுத்துக்கொண்டேன். கதவு சாத்திக்கொண்டது.

போய்விட்டேனா? போகவில்லை. கதவில் காதை வைத்து நின்றேன். அவர் குரல் தாழ்ந்து கேட்டது, சொல் பிடிபடவில்லை. அவள் “ஆம்பளைக்கி அப்படி ஒரு ஆபரேசனா? கதை விடாதீங்க” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு சர்ரென்று ஜிப் இறங்குகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி.

அப்போதுதான் லிஃப்ட் திறந்து ராதா வெளியே வந்தாள். நான் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன்.

“உள்ள யாரு லாத்தா?” என்று கிசுகிசுத்தாள்.

“அவரு பொண்டாட்டி.”

“பொண்டாட்டியா? எப்ப வந்தாங்க? அப்போ அந்த உள்பாடி...”

“ஆமா, அவகதுதான். போ.”

அவளுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. சொந்தப் பெண்டாட்டியாம், இதில் என்ன ருசி! நாலு மாடியிலும் சாயங்காலத்துக்குள் அந்த வம்பு செத்துப் போனது.

உள்ளே அவர் நெஞ்சைத் திறந்து காட்டுகிறார் என்று புரிந்தது. வீக்கம் வடியவில்லை. நர்ஸ் சொன்ன மாதிரி இப்போது பார்த்தால் முன்னே இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அதன் மேல் நீலமும் மஞ்சளும் வேறு. பதின்மூன்று வயதிலிருந்து ஒளித்ததை, அது இருந்ததிலேயே மோசமாக இருக்கிற நேரத்தில், அந்த மனிதர் தன் மனைவிக்கு முன்னால் வெளிச்சத்தில் வைத்திருந்தார். நான் காதை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கட்டடத்தில் ஒட்டுக்கேட்க இதைவிடப் பெரிய விஷயம் நடந்தது கிடையாது.

கதவு திறந்தது. சட்டை பொத்தானெல்லாம் மேல் வரைக்கும் போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

“என்னா சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல்ல லாத்தா. கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தா. அப்புறம், வலிக்குதான்னு கேட்டா.”

“நீங்க?”

“வலிக்குதுன்னு சொன்னேன்.”

அவ்வளவுதான். அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று எத்தனை விதமாகக் கேட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று அவர் கஞ்சியைச் சூடு பண்ணிக் குடித்தார், எழுந்து வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். நடக்கும்போது காதில் போன் இருந்தது. அடுத்த வாரங்களில் நீலம் மஞ்சளாகி, மஞ்சள் மங்கி, கட்டிகள் இளகின. கதவு தட்ட எனக்குச் சாக்கு குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒருநாள் லிஃப்டில் பார்த்தேன். ஒரே ஒரு சட்டை, பை முதுகில்.

நவம்பர் கடைசியில் எங்கள் கடையிலேயே ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். முந்நூற்றேழு இருட்டாகக் கிடந்தது. கொடியில் ஒன்றும் காயவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் டீ குடிப்பேன். டீ ஆறிப்போகும்.

இன்ஷா பேசாத ஒரு சாயங்காலம் போன் கிணுக்கென்றது. ஜெபராணி. ஒரு போட்டோவும், கீழே ஒரு வரியும்: ‘லதா அக்கா, ஆளைக் கண்டுபிடிங்க பாப்போம்.’

லதா என்றுதான் என்னைப் பதிந்து வைத்திருக்கிறாள்.

தேரின் பின்பக்கம். மின்விளக்கு, கூட்டம், மணல். மணலில் ஈரத்தோடு விழுந்து கும்பிடுகிற ஆம்பிளைகள், எழுந்து நிற்கிற ஆம்பிளைகள். எல்லாரும் வெற்றுடம்பு, எல்லார் நெஞ்சிலும் மண். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் விரித்தேன். இடது கோடியிலிருந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவரா? இல்லை. அவரா? முகத்தில் மண், தெரியவில்லை. இந்தப் பக்கத்து ஆளா? ஒருவேளை.

அன்று அதிசயமாக என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இந்தா, என்னா பாத்துக்கிட்டிக்கே?”

“ஆம்பளைங்க நெஞ்ச” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேருமாகத் திரும்ப இடது கோடியிலிருந்து ஆரம்பித்தோம். இந்தக் கட்டடத்தில் யார் எந்த வீட்டுக்குள் போகிறார் என்று காலடிச் சத்தத்திலேயே சொல்லுகிறவள் நான். அந்தக் கூட்டத்தில் மரியராஜ் யார் என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.